பச்சையம் திருடும் கடல் நத்தை

பசித்தவன் அண்டை வீட்டுச் சோற்றை எடுத்து உண்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். சோறு போதாதென்று அந்த வீட்டு அடுப்பையே பெயர்த்து வந்து, தன் வயிற்றுக்குள் வைத்து எரியவிடுகிறவனைக் கேள்விப்பட்டதுண்டா? மனிதரில் அப்படி ஒருவரும் இலர். கடலில் உண்டு. அது சுறாவும் அன்று, திமிங்கிலமும் அன்று. பெரும்பாலும் விரல் நகத்தளவே உள்ள ஒரு நத்தை. பாசியின் சாற்றை உறிஞ்சிக் குடிப்பது அதன் பிழைப்பு. குடித்த சாற்றில் மிதந்துவரும் பசுங்கணிகங்களை, அஃதாவது வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பாசியின் அடுக்களைகளை, அந்த நத்தை இனங்களுள் சில செரித்துவிடாமல் தம் உடலிலேயே பதுக்கிக்கொள்கின்றன. பிறகு இலைபோலப் பசுமை பூத்து, இலைபோலவே வெயிலில் விரிந்து கிடக்கின்றன.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்தவனுக்குக் கடல் நத்தையோடு என்ன உறவு என்று சங்க நண்பர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். எங்கள் ஊர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தங்கச் சுரங்க வேலைக்கு வந்த எங்கள் முன்னோருள் கடலைக் கண்ணால் காணாதவர் பலர். ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பத்தாயிரம் அடிக்கு மேல் இறங்கியவர்கள், கடல் மட்டத்திற்குக் கீழே ஏழாயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில் நின்று வேலை செய்தார்கள்! 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. என்றாலும் அவற்றைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த செய்திகள் இந்த நத்தையை விளக்க இரண்டோர் இடங்களில் எனக்குக் கைகொடுக்கப் போகின்றன. அந்த உறவு போதும்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'கடல் அட்டை' என்று எழுதத்தான் கை போகும், எழுதக்கூடாது. இராமநாதபுரம் கரையில் கடல் அட்டை என்றால் அது வேறு உயிர். நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி அது. மணலில் உருளைபோல் கிடப்பது. வேகவைத்து உலர்த்திக் கீழ்த்திசை நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்து, 2001-இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நாம் பேசப்போவது மெல்லுடலியைப் பற்றி. சங்கும் சோழியும், மழைக்காலத்தில் சுவரேறும் தோட்டத்து நத்தையும் அதன் சுற்றத்தார். ஆகவே 'சாறுறிஞ்சும் கடல் நத்தை' என்போம். அறிவியலார் இக்கூட்டத்தைச் 'சாக்கோகிளாசா' என்பர். 1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் இயெரிங் இட்ட பெயர் அது. பைபோன்ற நாக்குடையது என்பது பொருள். தமிழில் 'பைநாவி' எனலாம். நாக்குக்கும் பைக்கும் என்ன தொடர்பு என்பது அதன் பல்லைப் பார்த்தால் விளங்கும்.

நத்தைகளுக்குப் பல் நாக்கின்மேல் இருக்கிறது. நாடாபோன்ற ஒரு பட்டையில் பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்து, அரம்போல உணவைச் சுரண்டும். தோட்டத்து நத்தைக்கு அத்தகைய பற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பைநாவிக்கோ ஒரே ஒரு வரிசை. அவ்வரிசையிலும் ஒரு நேரத்தில் முன்னிற்கும் ஒரு பல்லே வேலை செய்கிறது. அது சுரண்டுவதில்லை, குத்துகிறது. நத்தை பாசியின் இழையைக் காலால் அணைத்து, உதட்டைப் பதித்து, பல்லால் உயிரணுவின் சுவரைக் கிழிக்கும். உடனே தொண்டையின் தசை பம்புபோல இயங்கி உள்ளிருக்கும் சாற்றை இழுத்துக்கொள்ளும்.

பல் தேயும் அல்லவா? தேய்ந்தால் பின்னாலிருந்து புதிய பல் முன்னுக்கு வரும். மற்ற நத்தைகளில் தேய்ந்த பல் உதிர்ந்து போய்விடும். இங்கே அப்படியன்று, பழைய பல் கீழே ஒரு சிறு பைக்குள் போய்ச் சேருகிறது. பைநாவி என்ற பெயர் இதனால் வந்தது. பாறையைத் துளைத்து மழுங்கிய கம்பிகளைச் சுரங்கத்தார் எறிந்துவிடமாட்டார்கள். மேலே அனுப்பித் தீட்டி வாங்குவார்கள். நத்தைக்குத் தீட்டும் பட்டறை இல்லை. ஆயினும் அது கருமியைப்போலச் சேர்த்து வைக்கிறது. இந்தக் கருமித்தனத்தால் லாபமடைபவர் ஆய்வாளரே. பையைத் திறந்தால், பல இனங்களில் அந்த நத்தை குஞ்சாயிருந்த நாளின் மிகச் சிறிய பல்முதல் நேற்றுக் கழற்றிய பல்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரு விலங்கின் வாழ்க்கைக் குறிப்பை அதன் வாயிலேயே படிப்பதென்பது எளிதில் கிட்டாத வாய்ப்பு.

இனி உணவு. எல்லாப் பாசிகளும் இதற்கு ஏற்றவையல்ல. மாதுளம்பழத்தையும் இளநீரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாதுளையில் ஒவ்வொரு முத்தையும் தனித்தனியே கடித்தால்தான் சாறு. இளநீரிலோ ஒரு துளை போதும். பெரும்பாலான செடிகள் மாதுளை போன்றவை. கோடிக்கணக்கான சிற்றறைகள், ஒவ்வொன்றிலும் துளிச் சாறு. காலெர்ப்பா, கோடியம், பிரையாப்சிஸ், ஹாலிமீடா முதலிய பச்சைப் பாசிகள் இளநீர் போன்றவை. காலெர்ப்பாவுக்குத் தண்டும் இலையும் வேரும் போன்ற உறுப்புகள் இருக்கும். சில இனங்கள் திராட்சைக் குலைபோலக் காய்த்தும் தொங்கும். ஆனால் அத்தனையும் சேர்ந்து ஒரே உயிரணு! நடுவில் தடுப்புச் சுவரே கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே சாற்றில் மிதக்கின்றன. ஒரு குத்துக் குத்தினால் விருந்துதான். பைநாவிகளில் மிகப் பலவும் இத்தகைய பாசிகளையே நம்பி வாழ்வதில் வியப்பில்லை. நம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்கள் தேடுகிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தவை. அவற்றை இந்நத்தைகள் பெரும்பாலும் திரும்பியும் பார்ப்பதில்லை.

பாசிக்குப் பாசி சுவரின் பொருளும் வேறுபடும். அதற்கேற்பப் பல்லின் வடிவமும் வேறுபடுகிறது. ஒன்றுக்குக் கத்திபோல, ஒன்றுக்கு மரக்கட்டைச் செருப்புபோல என்று பல்லுக்கும் பாசிக்கும் உள்ள பொருத்தத்தை டென்மார்க்கைச் சேர்ந்த காத்தே ஜென்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே பல்லைக் காட்டினால் இது எப்படிப்பட்ட பாசியைத் தின்றது என்று ஓரளவு சொல்லிவிடலாம். குடும்பத்தில் வழிதவறியவையும் உண்டு. சில இனங்கள் பாசியைக் கைவிட்டு, மற்ற கடல் நத்தைகளின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கின்றன.

காலெர்ப்பா ஏமாளி அன்று. காயம் பட்ட இடத்தை விரைந்து அடைத்துக்கொள்ளும். போதாததற்கு நச்சுப்பொருள் ஒன்றையும் உடலில் வைத்திருக்கிறது. மீன்கள் அதை விரும்புவதில்லை. நத்தையோ அந்நஞ்சையும் சேர்த்தே குடிக்கிறது. குடித்ததைச் சற்று மாற்றித் தன் தோலில் தேக்கித் தன்னைக் காக்கும் கவசமாகவும் ஆக்கிக்கொள்கிறது. ஆக்ஸினோயி என்னும் பைநாவியைச் சீண்டினால் பால்போன்ற நீரை உமிழும். அதில் உள்ளது பாசியின் நஞ்சிலிருந்து வந்த பொருள்தான். மத்தியதரைக் கடலில் 1984-இல் மொனாக்கோ கரையருகே அயல்நாட்டுக் காலெர்ப்பா ஒன்று தோன்றிக் காடாய்ப் பரவியபோது, அதை ஒழிக்க வெப்பமண்டலத்துப் பைநாவியைக் கொண்டுவந்து விடலாமென்று பிரெஞ்சு அறிஞர் அலெக்சாந்தர் மைனேஸ் ஆராய்ந்து பார்த்தார். அரசு இசையவில்லை. ஓர் அயலானை விரட்ட இன்னோர் அயலானை அழைப்பதில் உள்ள அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கும். சீமைக் கருவேலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த அச்சம் புரியாததன்று.

நம் கடல்களில் இவ்வகை மென்னத்தைகளைத் தேடிய முதல்வர்களுள் ஒருவர் இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். முத்துச் சிப்பிகளை ஆராயும் அரசுப் பணியும் அவருக்கு இருந்தது. 1850-களில் திருகோணமலைக் கரையில் கிடைத்த ஓடற்ற நத்தைகளை உயிரோடு வைத்து வண்ணப் படங்கள் தீட்டிக் குறிப்பெழுதினார். 1860-இல் அவர் மறைந்தார். சென்னை மாநிலத்தில் ஆட்சிப் பணியிலிருந்த வால்டர் எலியட் கிழக்குக் கரையில் திரட்டிய இத்தகைய நத்தைகளைப் பற்றி இங்கிலாந்தின் ஆல்டர், ஹான்காக் இருவரும் 1864-இல் எழுதினார்கள். இவ்விரு திரட்டுகளையும் சேர்த்துப் பார்த்துத் தென்னிந்திய, இலங்கை இனங்களை 1906-இல் ஒழுங்குபடுத்தியவர் சர் சார்லஸ் எலியட். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவரும், ஜப்பானில் பிரிட்டனின் தூதராக இருந்தவரும் இவரேதான்! 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. 1932-இல் ஓடனஹியூ என்பவர் தென்னிந்தியக் கடல் நத்தைகளைப் பற்றி எழுதினார். கெலார்ட் தீட்டிய படங்களின் அருமை இன்றும் குறையவில்லை. காரணம், ஓடற்ற நத்தையைச் சாராயத்தில் போட்டால் நிறமும் வடிவமும் போய்க் களிமண் உருண்டையாகிவிடும். உயிரோடு பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

உயிரோடு பாராததால் விளைந்த குழப்பத்திற்கு இக்கூட்டத்தின் வகைப்பாட்டிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. 1862-இல் அமெரிக்கரான அகஸ்டஸ் கௌல்ட் சிறு சிப்பி ஒன்றை விவரித்து 'ஜூலியா' என்று பெயரிட்டார். இரண்டு ஓடு, நடுவே கீல். ஆகவே மட்டி, ஆளி, முத்துச் சிப்பி முதலிய ஈரோட்டு உடலிகளோடு சேர்த்துவிட்டார். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். 1875-இல் பாரிஸ் நகரைச் சூழ்ந்த பழம்பாறைகளில் கிடைத்த இதுபோன்ற ஓட்டுக்குப் 'பெர்த்தெலீனியா' என்று பெயர் வந்தது. ஓடுகள் அருங்காட்சியகப் பெட்டிகளில் உறங்கின. உள்ளே குடியிருந்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

1959-இல் ஜப்பானின் உள்நாட்டுக் கடலில், தமானோ என்னும் இடத்தில், கவாகுட்டி, பாபா என்ற இரு அறிஞர்கள் காலெர்ப்பாப் பாசியின்மேல் இத்தகைய பச்சை நிறச் சிப்பி ஊர்ந்து போவதைக் கண்டார்கள். சிப்பி ஊர்வதாவது! ஓட்டுக்கு வெளியே நத்தையின் தலை நீண்டிருந்தது. இரு உணர்கொம்புகள் இருந்தன. நத்தைக்குரிய தட்டையான கால் இருந்தது. வாயில் பைநாவியின் ஒற்றை வரிசைப் பல் இருந்தது. இரண்டு ஓடுடைய நத்தை! குஞ்சுப் பருவத்தில் இதற்கு மற்ற நத்தைகளைப்போலச் சுருண்ட ஓடு ஒன்றே இருக்கிறது. வளரும்போது வலப்புறம் இரண்டாவது ஓடு தோன்றுகிறது. இடப்புற ஓட்டின் உச்சியில் பழைய சுருள் ஒரு புள்ளிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளி தொண்ணூற்றேழு ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. இந்தியக் கடல்களிலும் இவ்வகை நத்தைகள் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டன.

இன்று பைநாவிகளில் ஏறத்தாழ முந்நூறு இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஓடுள்ளவை, ஓடற்றவை என்று அவற்றை இரு பெருங்கிளைகளாகப் பிரிக்கிறார்கள். ஓடுள்ளவை பெரும்பாலும் காலெர்ப்பாவை விட்டு அகலாதவை; ஆக்ஸினோயி, லோபிகர், ஈரோட்டு நத்தைகள் ஆகியவை இக்கிளையில் அடங்கும். ஓடற்றவற்றுள் ஒரு பகுதிக்கு உடலின் இருபுறமும் இறக்கைபோன்ற மடல்கள் உண்டு. மடல்களை விரித்தால் இலை. மூடினால் சுருட்டிய வெற்றிலை. எலிசியா, பிளாக்கோபிராங்கஸ் என்பவை இவை. மற்றொரு பகுதிக்கு மடல் இல்லை. முதுகு நிறையக் கொழுந்துபோன்ற முளைகள். ஜப்பானில் குரோஷிமாத் தீவின் பெயர் பெற்ற கோஸ்டாசியெல்லா என்னும் சிறு நத்தை இப்பகுதியைச் சேர்ந்தது. கறுத்த இரு கண்ணும் முதுகில் தளிருமாய், புல் முளைத்த ஆட்டுக்குட்டிபோலவே இருக்கும்.

இவையெல்லாம் நெடுங்காலம் கடல் முயலோடும் பிற ஓடற்ற கடல் நத்தைகளோடும் ஒரே வகுப்பில் வைக்கப்பட்டிருந்தன. பாடநூல்களில் 'ஓப்பிஸ்தோபிராங்கியா' என்று படித்திருப்போம். 1804-இல் இங்கிலாந்தின் மாண்டேகு முதன்முதலில் எலிசியா விரிடிஸ் என்னும் இனத்தை விவரித்தபோதே அதைக் கடல் முயல் என்றுதான் எழுதினார். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தபின் அந்தப் பழைய வகுப்பு கலைந்துபோயிற்று. 2010-இல் வெளியான ஆய்வின்படி, பைநாவிகள் நுரையீரலால் மூச்சுவிடும் தரை நத்தைகளுக்கே நெருங்கிய உறவு. அஃதாவது கடலே இல்லாத எங்கள் ஊரில் மழைக்கு வெளிப்படும் நத்தை, மன்னார் வளைகுடாவின் எலிசியாவுக்குத் தூரத்துப் பங்காளி. பழைய பாடநூலை வைத்துத் தேர்வெழுதும் விலங்கியல் மாணவர்கள் இதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

இனித் திருட்டுக்கு வருவோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர். நத்தையும் கிளிஞ்சிலும் ஈரறிவுயிர். அந்த ஈரறிவுயிர் ஓரறிவுயிரின் தொழிலைக் களவாடிக்கொண்டால் எந்த வரிசையில் வைப்பது? விடையை எளிதாகச் சொல்லிவிட முடியாமல் அறிவியலார் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடுமாறி வந்திருக்கின்றனர். 1876-இல் இத்தாலியில் தெ நெக்ரி என்ற பெயருடைய இருவர் எலிசியாவின் பச்சை நிறத்தில் பச்சையம் போன்ற பொருள் இருப்பதைக் கண்டனர். அது நத்தைக்குள் வாழும் நுண்பாசியாக இருக்கலாம் என்ற ஐயம் நீடித்தது. பவளத்திலும் பெருஞ்சிப்பியிலும் அப்படி முழுப் பாசிகள் குடியிருக்கின்றன அல்லவா? 1965-இல் கவாகுட்டி, யமாசு இருவரும் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்து உண்மையை வெளியிட்டார்கள். பாசி இல்லை, அதன் உட்கரு இல்லை, சுவர் இல்லை. பசுங்கணிகம் மட்டும் தனியே நத்தையின் உயிரணுவுக்குள் இருந்தது. ஈரோட்டு நத்தையைக் கண்ட அதே கவாகுட்டிதான் இவர். உயிருள்ள நத்தையை அருகிருந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டாம் முறையும் பலன் கிடைத்தது.

நத்தையின் செரிமானச் சுரப்பி நரம்புபோலக் கிளைத்து உடல் முழுவதும், மடல்களின் ஓரம்வரை பரவியிருக்கிறது. அச்சுரப்பியின் உயிரணுக்கள் பசுங்கணிகங்களை விழுங்கித் தம்முள் வைத்துக்கொள்கின்றன. எல்லாப் பைநாவிகளும் இதில் தேர்ந்தவையல்ல. பலவற்றில் சில மணியிலோ சில நாளிலோ செரித்துவிடும். சில இனங்களில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு. வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் உவர்ச் சதுப்புகளில் வாழும் எலிசியா குளோரோட்டிகா இதில் முதன்மை பெற்றது. வவுச்சீரியா என்னும் பாசியைச் சிறிது காலம் உண்டபின், உணவே இன்றி ஒளியில் மட்டும் வைத்தால் ஒன்பது, பத்து மாதங்கள் உயிர்வாழ்கிறது. ஏறத்தாழ அதன் முழு ஆயுளே அவ்வளவுதான்!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை விளக்க எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய தொண்ணூறு மைல் தூரம் கம்பியில் அனுப்பித் தங்க வயலின் எந்திரங்களை ஓட்டினார்கள். எந்திரம் இங்கே, அதன் உயிர்நாடி அங்கே. நடுவே கம்பி அறுந்தால் எந்திரம் நின்றுவிடும். பசுங்கணிகமும் அப்படிப்பட்ட எந்திரமே. அதற்கு வேண்டிய புரதங்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் இருநூறுக்கும் குறைவானவற்றைச் செய்யும் மரபணுக்களே அதனிடம் உள்ளன. மற்றவை பாசியின் உட்கருவிலிருந்து வரவேண்டும். ஒளிபட்டு நாள்தோறும் பழுதாகும் உறுப்புகளையும் மாற்றவேண்டும். நத்தையோ கம்பியை அறுத்துவிட்டு எந்திரத்தை மட்டும் தூக்கி வந்திருக்கிறது. பின் எப்படி அது பத்து மாதம் ஓடுகிறது?

பாசியின் மரபணுக்களையும் நத்தை திருடிக்கொண்டிருக்கும் என்பதே முதலில் தோன்றிய விடை. 2008-இல் மேரி ரம்ஃபோவும் அவருடன் உழைத்தோரும் அத்தகைய ஒரு மரபணுவை நத்தையிடம் கண்டதாக வெளியிட்டார்கள். உலகமே வியந்தது. 'இலையாகிய விலங்கு' என்று செய்தித்தாள்கள் எழுதின. இன்றும் பல இடங்களில் அந்தக் கதையைத்தான் படிக்கிறோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நத்தையின் மரபில் பாசியின் மரபணு உண்மையாகவே கலந்திருந்தால் அதன் முட்டையிலும் இருக்கவேண்டும். 2013-இல் முட்டையின் மரபுப் பொருளை ஆராய்ந்தனர்; அதற்குச் சான்றில்லை என்று தெரிந்தது. அந்த ஆய்வை வெளியிட்டவர்களுள் ரம்ஃபோவும் ஒருவர். தம் கூற்றுக்கு எதிரான சான்றைத் தாமே பெயர் சொல்லி வெளியிட்ட அந்த நேர்மையைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை. 2021-இல் பிளாக்கோபிராங்கஸின் முழு மரபுத் தொகுதியை ஜப்பானியர் படித்தபோதும் பாசியின் மரபணு அகப்படவில்லை. வவுச்சீரியாவின் பசுங்கணிகம் தன் பழுதைத் தானே பார்க்கும் கருவி ஒன்றைத் தன்னிடமே வைத்திருக்கிறது என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். எந்திரத்தோடு ஒரு தச்சனும் கூடவே வந்துவிட்டான் போலும்.

இன்னொரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. நத்தை உண்மையிலேயே ஒளியைத் தின்றுதான் வாழ்கிறதா? 2014-இல் ஜெர்மனியில் பிளாக்கோபிராங்கஸ் நத்தைகளைச் சோறு போடாமல் சிலவற்றை ஒளியிலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தார்கள். இருட்டில் இருந்தவையும் சாகவில்லை. இரு தரத்தவையும் மெலிந்தன. மெலிவில் பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் பசுங்கணிகம் அடுப்பு அன்று, பட்டினிக் காலத்தில் சிறிது சிறிதாகச் செரிக்கும் கட்டுச்சோறுதான் என்றனர் சிலர். போர்ச்சுகலில் எலிசியா டிமிடாவை ஆராய்ந்தவர்கள் 2021-இல் மறுமொழி சொன்னார்கள்: ஒளியில் சமைத்த உணவு முட்டை உண்டாகும் உறுப்புகளுக்குப் போய்ச் சேருகிறது, ஒளியில் இருந்த நத்தைகள் மிகுதியாக முட்டையிட்டன. 2025-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசியா கிறிஸ்பாட்டாவில் கண்டது இரு தரப்பையும் ஓரளவு சேர்த்துவைக்கிறது. பசுங்கணிகங்களை நத்தை தன் சவ்வினால் ஆன தனி அறைக்குள் வைத்துப் பேணுகிறது. பட்டினி மிகும்போது அந்த அறையே செரிக்கும் அறையாகிவிடுகிறது. நத்தையின் பச்சை மாறி ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. என் கருத்தில், நம் வீட்டுக் கறவை மாட்டை நினைத்தால் இதில் முரணே இல்லை. இருக்கும்வரை பால், வறட்சி முற்றினால் அதை விற்று அரிசி.

சொல்லாமல் விடமுடியாத செய்தி இன்னும் ஒன்று. நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் சயாகா மிதோ என்ற மாணவி, தாம் வளர்த்த எலிசியா நத்தையொன்றின் தலை உடலைவிட்டுக் கழன்று தனியே ஊர்வதைக் கண்டார். இதயம் உடலோடு போய்விட்டது! தலையோ சில மணியில் பாசியைக் குத்திக் குடிக்கத் தொடங்கியது. மூன்று வாரங்களில் இதயத்தோடு கூடிய முழு உடலும் முளைத்துவிட்டது. 2021-இல் அவரும் அவருடைய பேராசிரியர் யூசாவும் இதை வெளியிட்டனர். கழன்ற உடலுக்குத் தலை முளைக்கவில்லை. வயது முதிர்ந்த நத்தைகளில் தலையும் பிழைக்கவில்லை. உடலைத் துறந்த நத்தைகளுள் ஓர் இனம், 1965-இல் கவாகுட்டி ஆராய்ந்த அதே எலிசியா அட்ரோவிரிடிஸ். அவ்வினத்தில் உடலைக் கழற்றியவை ஒட்டுண்ணி புகுந்தவை. நோயுற்ற உடலை அப்படியே விட்டுவிட்டுத் தலை மட்டும் நடந்துவிடுகிறது. செரிமானச் சுரப்பி போனபின் தலை எதைக் கொண்டு அந்த நாட்களை ஓட்டுகிறது? தலைக்குள்ளும் பரவியிருக்கும் பசுங்கணிகங்கள் உதவக்கூடும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

உயிரியல் மாணவர்களை மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் சுற்றுலா அழைத்துச் செல்வது பல கல்லூரிகளில் வழக்கம். போகிறவர்கள் பவளத்தையும் சங்கையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கே வனத்துறையின் ஒப்புதலின்றி எதையும் எடுக்கக்கூடாது. உரிய அனுமதியோடு போகும் குழுவுக்கு ஒரு வழி சொல்லலாம். காலெர்ப்பாக் கொத்து ஒன்றைக் கடல் நீர் நிறைந்த வெள்ளைத் தட்டில் இட்டு நிழலில் அசையாமல் வையுங்கள். உற்று நோக்கினால் ஒன்றும் தெரியாது. பாசியின் நிறமே நத்தையின் நிறம். ஒரு மணி, இரண்டு மணி நேரம் பொறுங்கள். நீர் தேங்கி மூச்சு முட்டத் தொடங்கும்போது, இலையென்று நினைத்தவற்றுள் ஒன்று மெல்லக் கொம்பு நீட்டித் தட்டின் விளிம்பை நோக்கி ஏறும். கைக்கண்ணாடியால் பார்த்துப் படம் வரைந்துகொண்டு, வந்த பாசியிலேயே மீண்டும் விட்டுவிடுங்கள். பாசியின்மேல் வெண்ணூலைச் சுருட்டி ஒட்டியதுபோல் ஏதேனும் தென்பட்டால் அதைப் பிய்க்கவேண்டாம். அது அதன் முட்டைச் சரமாக இருக்கலாம்.